ரோமை ஆண்ட லிப்யாக்காரர் கறுப்பரா? ஆப்பிரிக்காவுக்கும் கிரேக்க ரோமுக்கும் உள்ள உறவு பற்றி

லெப்டா மணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பழைய ஆள்தான், ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

போன வாரம் எங்கள் பாலிடெக்னிக் வாட்ஸப் குழுவில் ஒரு படம் சுற்றியது. "ரோமாபுரியை ஆண்ட கறுப்பின மன்னர், மறைக்கப்பட்ட வரலாறு" என்று மஞ்சள் எழுத்தில் போட்டு, கீழே செப்டிமியஸ் செவரஸ். ஒருத்தர் "அவர் அரபி" என்றார். இன்னொருத்தர் "சுத்த இத்தாலிக்காரர், அங்கே போய்ப் பிறந்தவர்" என்றார். இரண்டு நாள் அடிதடி. ஒரு ஆள் குழுவை விட்டே போய்விட்டார். அவர் பிறந்த ஊரைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஊருக்குப் பக்கத்தில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2008-இலிருந்து 2011 வரை லிப்யாவில் அல் கும்ஸ் பக்கம் ரோடு வேலையில் சர்வேயராக இருந்தேன். வெள்ளிக்கிழமை லீவு. கேம்பில் துணி துவைத்து, சாம்பார் வைத்து இறக்கினால் பத்து மணி ஆகிவிடும். பிறகு மூன்று கிலோமீட்டர் நடந்தால் லெப்டா. உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ரோமர் காலத்தில் அது லெப்சிஸ் மேக்னா. கடற்கரை ஓரம், மணலிலிருந்து தோண்டி எடுத்த ஒரு முழு நகரம். நான் போன நாட்களில் பாதி நேரம் ஆடு மேய்ப்பவரும் நானும்தான் இருப்போம்.

அங்கே கி.மு. 8-இல் கட்டிய சந்தை ஒன்று இருக்கிறது. கட்டிக்கொடுத்தவர் உள்ளூர்ப் பணக்காரர். பெயர் அன்னோபால் தபாபியஸ் ரூஃபஸ். அன்னோபால் என்பது வேறொன்றுமில்லை, ஹன்னிபால்தான். ரோமை நடுங்க வைத்த ஆளின் பெயரை வைத்துக்கொண்டு, கூடவே ரூஃபஸ் என்று லத்தீன் பெயரும் ஒட்டிக்கொண்டு, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சந்தை கட்டுகிறார். சில வருஷம் கழித்து நாடக அரங்கமும் அவரே கட்டினார். அதன் கல்வெட்டு லத்தீனில் ஒன்று, பூனிக்கில் ஒன்று. பூனிக் என்பது ரோமின் பழைய எதிரி நகரமான கார்த்தேஜ்காரர்களின் பேச்சு, ஹீப்ரு மொழிக்குச் சொந்தக்காரி.

அந்தச் சந்தையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு அளவுக்கல். கல்லில் நீளவாக்கில் மூன்று அளவுகள் வெட்டியிருக்கும். ரோம அடி ஒன்று, பூனிக் முழம் ஒன்று, எகிப்தில் தாலமி அரசர்கள் காலத்து முழம் ஒன்று. எந்த ஊர் வியாபாரி வந்தாலும் அவனவன் அளவில் துணியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை டேப்பும் பிரிசம் கம்பியுமாக அலைகிறவன் நான். வேறு எந்தத் தூணும் சிலையும் என்னை அப்படி நிற்க வைக்கவில்லை.

செவரஸ் இந்த ஊரில் 145-இல் பிறந்தவர். 193-இல் பேரரசர் ஆனார், 211-இல் இங்கிலாந்தின் யார்க்கில் இறந்தார். அவர் தாத்தா இதே ஊரில் சுஃபெட், அதாவது நகரத் தலைவர், பதவி வகித்தவர். அதுவும் கார்த்தேஜ் காலத்துப் பதவிப் பெயர்தான், ரோமர் கொண்டுவந்தது இல்லை. ஆக இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பம் என்று அடித்துச் சொல்ல முடியாது. வயசான காலத்திலும் அவர் பேச்சில் ஆப்பிரிக்க வாடை அடித்தது என்று 'ஹிஸ்டோரியா அகஸ்டா' என்ற பழைய நூல் சொல்கிறது. தங்கையோ அக்காவோ, ஒரு சகோதரி ரோமுக்கு வந்தாளாம். லத்தீன் சரியாக வரவில்லை. பேரரசருக்கு மானம் போயிற்று. பரிசு கொடுத்து, அவள் மகனுக்குப் பதவி மரியாதையும் கொடுத்து ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அந்த நூல் வம்புக்குப் பேர்போனது, நூற்றுக்கு நூறு நம்ப வேண்டாம். ஆனாலும் இந்த ஒரு கதையை நான் நம்புகிறேன், காரணம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

என் கட்சி இதுதான்: தோலின் நிறத்தைக் கேட்டு நேரத்தை வீணடிக்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் அன்று நிறம் பார்க்கவில்லை. நாக்கைத்தான் பார்த்தார்கள்.

---

கேள்வி கந்தன் எழுதியது:

அண்ணே, அருமை. ஆனா கறுப்பரா இல்லையா? ஒரே வரியில சொல்லிட்டுப் போங்க.

---

லெப்டா மணி எழுதியது:

ஒரே வரியில் முடியாது தம்பி. பெர்லினில் ஒரு வட்டப் பலகை ஓவியம் இருக்கிறது. 200-ஆம் ஆண்டை ஒட்டி எகிப்தில் வரைந்தது. செவரஸ், மனைவி யூலியா தோம்னா, இரண்டு பையன்கள். அதில் அவர் மாநிறத்தைத் தாண்டிய பழுப்பு, நரைத்த தாடி. மனைவி வெளுப்பு. அந்த வாட்ஸப் படம் இதைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் அந்தக் காலத்து ஓவியர்கள் ஆம்பளைக்குக் கருமை, பொம்பளைக்கு வெண்மை என்று வழக்கமாகவே போடுவார்கள். அதனால் அது முழுச் சாட்சி ஆகாது. அம்மா வழியில் இத்தாலியச் சொந்தம், அப்பா வழியில் பூனிக். லிப்யாவில் நான் வேலை பார்த்தபோது என் கீழ் வேலை செய்த பசங்களில் திருநெல்வேலி வெயிலில் காய்ந்தவன் மாதிரி ஒருத்தன், அவனுடைய சித்தப்பா மகன் பாலில் கலந்த டீ மாதிரி. ஒரே வீடு. அதைத்தான் சொல்ல முடியும்.

ஓவியத்தில் இன்னொரு விஷயம்: ஒரு பையனின் முகத்தைச் சுரண்டி அழித்திருக்கிறார்கள். அப்பா செத்த வருஷமே மூத்தவன் கரகல்லா தம்பி கெட்டாவைக் கொன்றுவிட்டான். தம்பி முகத்தை நாடு முழுக்க அழிக்க உத்தரவு. "இருவரும் ஒற்றுமையாக இருங்கள், சிப்பாய்களுக்கு அள்ளிக் கொடுங்கள், மற்ற எவனையும் சட்டை செய்யாதீர்கள்" என்பது அப்பா கடைசியாகச் சொன்னது. நடுவில் உள்ளதை மட்டும் பையன் கேட்டுக்கொண்டான்.

---

கருப்பு நிலா எழுதியது:

மழுப்புறீங்க சார். நிறம் முக்கியமில்லைன்னு சொல்றது எப்பவும் வசதியான பேச்சு. கிரேக்கத்தோட தத்துவம், கணிதம், சிற்பம் எல்லாமே எகிப்துல இருந்து தூக்கிட்டுப் போனது. அரிஸ்டாட்டில் அலெக்சாந்திரியா நூலகத்தைக் கொள்ளையடிச்சுத்தான் அவ்வளவு புத்தகம் எழுதினார். ஹெரோடோட்டஸே ஒத்துக்கிட்டிருக்கார், கிரேக்கக் கடவுள்களோட பேர் எகிப்துல இருந்து வந்ததுன்னு. ரெண்டு நூற்றாண்டா ஐரோப்பாக்காரன் இதை மூடி மறைச்சான். நீங்க சந்தைக் கல்லைக் காட்டுறீங்க.

---

நாணயப்பித்தன் எழுதியது:

கருப்பு நிலா, பாதி சரி, பாதி ஆகாசக் கோட்டை. பாதியை முதலில் இடித்துவிடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

அரிஸ்டாட்டில் இறந்தது கி.மு. 322. அலெக்சாந்திரியா நகரமே கி.மு. 331-இல்தான் அஸ்திவாரம் போட்டது. நூலகம் தாலமிகள் ஆட்சியில் அதற்கப்புறம் வந்தது. இல்லாத நூலகத்தில் எப்படித் திருடுவார்? நம்மூரிலும் உலகத்துச் சொல் எல்லாவற்றுக்கும் தமிழில் வேர் காட்டுகிற பெரியவர்கள் உண்டு. அவர்கள் ஒரு தப்பு வேர் காட்டினால், மீதிச் சரியான வேர்களையும் எதிராளி சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவான். இங்கேயும் அதே ஆபத்து.

இப்போது மீதிப் பாதி. ஹெரோடோட்டஸ் சொன்னது உண்மை, இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது. கடவுள் பெயர்கள் விஷயத்தில் அவரைப் பின்பற்றுகிறவர்கள் இன்று குறைவு. ஆனால் கிரேக்கர் எகிப்தைக் குருவாகப் பார்த்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கி.மு. 7-ஆம் நூற்றாண்டிலிருந்து நைல் கழிமுகத்தில் நவ்கிராட்டிஸ் என்ற ஊரில் கிரேக்க வியாபாரிகள் கடை போட்டிருந்தார்கள். கூலிப்படையாகவும் போனார்கள். அபு சிம்பெலில் இரண்டாம் ராம்செஸின் பெரிய சிலைக் காலில் கி.மு. 590-களில் கிரேக்கச் சிப்பாய்கள் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றுலா போன இடத்தில் சுவரில் பெயர் எழுதுவது நம்ம பிள்ளைகளின் கண்டுபிடிப்பு இல்லை! எழுதியவன் பெயர் ஆர்கோன், அமோய்பிகோஸ் மகன். அந்தச் சமயத்தை ஒட்டித்தான் கிரேக்கத்தில் ஆளுயரக் கல் சிலை செதுக்க ஆரம்பிக்கிறார்கள். இடது கால் முன்னே, கைகள் இரண்டும் பக்கவாட்டில் ஒட்டி, நேராக வெறித்த பார்வை. எகிப்துச் சிலையைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலை எங்கே கற்றது என்று விளக்க வேண்டியதில்லை.

திருட்டு என்ற வார்த்தையை விட்டுவிட்டு 'கற்றார்கள்' என்று போடுங்கள், உங்கள் வாதத்தில் முக்கால்வாசி நிற்கும்.

---

செங்காந்தள் எழுதியது:

மணி அண்ணா, நாக்கு பற்றிச் சொன்னது மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உங்கள் லெப்சிஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழக்கு உண்டு. இன்றைய திரிப்போலி அன்று ஓயா. அங்கே ஒரு பணக்கார விதவையை அப்புலேயஸ் என்ற எழுத்தாளர் கல்யாணம் செய்துகொண்டார். இன்றைய அல்ஜீரியாவில் மதவ்ரோஸ் ஊர்க்காரர். லத்தீனில் முழுதாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே நாவல் இவர் எழுதியதுதான், கழுதையாக மாறிப்போன மனுஷனின் கதை. பில்லி சூனியம் வைத்து மயக்கிவிட்டான் என்று பெண் வீட்டுச் சொந்தங்கள் வழக்குப் போட்டார்கள். 158 வாக்கில் சப்ராத்தாவில் ஆளுநர் முன்னால் விசாரணை. அவருடைய வாதத்தில் இரண்டு இடம் கவனியுங்கள். தன்னைப் பற்றி "பாதி நுமிடியன், பாதி கெட்டூலியன்" (இரண்டும் வட ஆப்பிரிக்க மக்கள்) என்று வெட்கமில்லாமல் சொல்கிறார். அதே வாயால் மனைவியின் இளைய மகனை "பூனிக்கைத் தவிர வேறு பேசமாட்டான், லத்தீன் பேச மனசும் இல்லை, முடியவும் இல்லை" என்று நையாண்டி செய்கிறார். தான் படித்துவிட்டதால் பிறப்பு பெருமை ஆகிவிட்டது, பையன் படிக்காததால் தாய்மொழி குற்றம் ஆகிவிட்டது. கான்வென்ட் படித்த மாமா, கிராமத்து மச்சானைக் கேலி செய்வது போலத்தான் இருக்கிறது.

எங்கள் வீடு கத்தோலிக்க வீடு. தாத்தா உபதேசியார். பிள்ளைக்காக அழுது ஜெபித்த தாய் என்று மோனிக்கம்மாள் கதை சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அந்தப் பிள்ளை புனித அகுஸ்தினார். அவர் ஆப்பிரிக்கர் என்று எனக்குக் கல்லூரி போகும்வரை தெரியாது. கோயில் சுரூபத்தில் ரோஜா நிறக் கன்னத்தோடு நிற்பார். 354-இல் தகாஸ்தேயில், இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸில் பிறந்தவர். 430-இல் ஹிப்போ நகரை ஜெர்மானிய இனத்து வாண்டல்கள் முற்றுகை போட்டிருந்தபோது உள்ளேயே இறந்தார்.

அவர் கடிதம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். மதவ்ரோஸ் ஊர் இலக்கண ஆசிரியர் மாக்சிமஸ், கிறிஸ்தவர்கள் கும்பிடும் வேதசாட்சிகளின் பூனிக் பெயர்களைக் கேலி செய்து எழுதுகிறார். நம்பாமோ என்று ஒரு பெயர், இதெல்லாம் ஒரு பெயரா என்கிற தொனி. அகுஸ்தினார் திருப்பிக் கேட்கிறார்: ஆப்பிரிக்காவில் இருந்துகொண்டு, ஆப்பிரிக்கர்களுக்கு எழுதும் ஆப்பிரிக்கராகிய நீர் பூனிக் பெயரைப் பழிக்கலாமா? நம்பாமோ என்றால் என்ன, 'நல்ல கால் கொண்டவன்' என்றுதானே பொருள்?

நல்ல கால்! வந்தால் நல்லது நடக்கும் என்று அவரே விளக்கமும் கொடுக்கிறார். நம்ம கால்ராசிக்காரன்தான். இதைப் படித்த அன்று நூலகத்தில் சத்தமாகச் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

---

வடமராட்சி வாசு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் லீட்ஸிலை இருக்கிறன், யோர்க் எனக்கு அரை மணித்தியால ரயில். மணி அண்ணை எழுதினதிலை ஒரு இடத்திலை எனக்கு உடன்பாடில்லை. நிறம் பாக்கேல்லை எண்டு சொல்லேலாது.

நீங்கள் சொன்ன அதே 'ஹிஸ்டோரியா அகஸ்டா'விலையே இருக்கு. செவரஸ் பிரித்தானியாவிலை ரோமர் கட்டின ஹேட்ரியன் மதில் பக்கம் போய்த் திரும்பி வரேக்கை, படையிலை இருந்த ஒரு எதியோப்பியச் சிப்பாய், பகிடிக்காரன், சைப்பிரஸ் இலை மாலையோடை முன்னாலை வாறான். அவன்ரை நிறத்தையும் அந்த மாலையையும் கண்டு பேரரசர் பயந்துபோனார், அபசகுனம் எண்டு. சைப்பிரஸ் சாவு வீட்டு இலை. அவனை முன்னாலை இருந்து விலத்தச் சொன்னார். அவன் விடேல்லை: "எல்லாமாயும் இருந்திட்டாய், எல்லாத்தையும் வென்றிட்டாய், இனித் தெய்வமாகு" எண்டானாம். கொஞ்ச நாளையிலை ஆள் முடிஞ்சுது.

பாருங்கோ, ஆப்பிரிக்காவிலை பிறந்த பேரரசரே கறுப்புத் தோலைக் கண்டு சகுனம் பாக்கிறார். அப்ப நிறம் எண்ட விஷயம் அவையளின்ரை கண்ணிலை பட்டுத்தான் இருக்கு. எங்கடை காலத்து இனவாதம் மாதிரி அதுவே சட்டமாகி ஆளை அடிமையாக்கேல்லை, அவ்வளவுதான். அவையளின்ரை அடிமையளிலை எல்லா நிறமும் இருந்தது.

மதில் பக்கத்திலை 3-ஆம் நூற்றாண்டிலை மூர்ப் படைப்பிரிவு ஒண்டு காவல் இருந்ததுக்குக் கல்வெட்டும் கிடைச்சிருக்கு, இப்ப பர்க் பை சாண்ட்ஸ் எண்ட ஊர். மொரோக்கோ, அல்ஜீரியாப் பக்கத்து ஆக்கள். அந்தக் குளிரிலை என்ன பாடுபட்டிருப்பினமோ.

பிள்ளையளை யோர்க்ஷயர் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான். அங்கை ஒரு இளம் பெண்ணின்ரை எலும்புக்கூடு, 1901-இலை கல்லுப் பெட்டிக்குள்ளை எடுத்தது, 4-ஆம் நூற்றாண்டு. கையிலை யானைத் தந்தக் காப்பும், இங்கத்தைக் கறுப்பு ஜெட் கல்லுக் காப்பும் சேர்த்துப் போட்டிருக்கிறா. நீலக் கண்ணாடி மணிமாலை, கண்ணாடிக் குடுவை, முகம் பாக்கிற கண்ணாடி. எலும்பிலை வெட்டின சின்ன எழுத்து: "வணக்கம் சகோதரி, ஆண்டவரிலை வாழ்வாயாக." 2010-இலை ரீடிங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மண்டையோட்டை அளந்து, வட ஆப்பிரிக்கப் பூர்வீகம் கலந்திருக்கலாம் எண்டு சொல்லிச்சினம். வசதியான வீட்டுப் பிள்ளை. என்ரை மகள் எட்டு வயது, கண்ணாடிப் பெட்டியிலை மூக்கை வைச்சுப் பாத்துக்கொண்டு நிண்டு, "அப்பா, இவவும் எங்களை மாதிரி வந்தவவா?" எண்டு கேட்டாள். ஓம் எண்டன். பள்ளிக்கூடத்திலை சொன்னாளாம், ஒருத்தரும் நம்பேல்லை.

பிபிசி சின்னப்பிள்ளையளுக்குப் போட்ட கார்ட்டூனிலை ரோமர் காலத்துக் குடும்பத்துத் தகப்பனைக் கறுப்பா வரைஞ்சதுக்கு 2017-இலை இணையத்திலை பெரிய சண்டை நடந்தது. நடக்கக்கூடியதுதான் எண்டு சொன்ன பேராசிரியர் மேரி பியர்டுக்கு விழுந்த வசைக்குக் கணக்கில்லை. இவ்வளவுக்கும் 139-இலை இங்கை ஆளுநரா வந்து ஸ்கொட்லாந்துக்குக் குறுக்காலை அன்ரோனைன் மதில் கட்டுவிச்ச லோலியஸ் உர்பிகஸ், அல்ஜீரியாவிலை திட்டிஸ் எண்ட சின்ன ஊர்க்காரன். ஊருக்குக் கிட்ட அவர் கட்டின குடும்பக் கல்லறை இப்பவும் நிக்குது.

---

லெப்டா மணி எழுதியது:

வாசு, ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சிப்பாய் கதையைப் படித்தும் வசதியாக மறந்திருக்கிறேன். "நிறம் பார்க்கவில்லை" என்ற வாக்கியத்தை வாபஸ் வாங்குகிறேன். பார்த்தார்கள், ஆனால் அதை வைத்துப் பதவியைத் தடுக்கவில்லை என்று திருத்திக்கொள்ளுங்கள்.

---

கருப்பு நிலா எழுதியது:

வாசு அண்ணனுக்கு நன்றி. நாணயப்பித்தன் சார், அரிஸ்டாட்டில் வருஷக் கணக்கு என் தப்பு. யூடியூப்ல கேட்டதை அப்படியே எழுதிட்டேன்.

ஆனா ஒரு கேள்வி நிக்குது. நீங்க எல்லாரும் சொல்றது மத்தியதரைக் கடல் ஓர ஊருங்க. சகாராவுக்குத் தெற்க, நைலுக்கு மேல இருந்தவங்க எங்க? ஆப்பிரிக்கான்னு சொல்லிட்டு லிப்யா, அல்ஜீரியாவோட நிறுத்திக்கிறது ஏமாத்து வேலை.

---

நாணயப்பித்தன் எழுதியது:

நல்ல கேள்வி. இதை நீங்கள் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

முதலில் பெயர். ஆப்பிரிக்கா என்பதே ரோமர் கி.மு. 146-இல் கார்த்தேஜை அழித்துவிட்டு அதைச் சுற்றி அமைத்த மாகாணத்தின் பெயர். இன்றைய துனீசியாவின் ஒரு பகுதி. கண்டம் முழுக்க அந்தப் பெயர் பரவியது பிற்பாடு. தெற்கே இருந்தவர்களைக் கிரேக்கர் 'ஐத்தியோப்பியர்', வெயிலில் கருகிய முகத்தவர் என்றார்கள். ஹோமர் அவர்களைப் 'பழுதற்றவர்' என்கிறார், தேவர்களே விருந்துக்குப் போகும் வீடு.

கதையை விடுங்கள், நிஜத்துக்கு வருவோம். இன்றைய சூடானில் இருந்த குஷ் நாட்டுக்கு மெரோவே தலைநகரம். கி.மு. 25-ஐ ஒட்டி அந்நாட்டுப் படை எகிப்துக்குள் இறங்கி அஸ்வான் பக்கத்து ரோமக் காவல்களை அடித்து, அகஸ்டஸ் சிலைகளைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அரசிக்குக் கந்தகே என்று பட்டம். அந்தக் காலத்து அரசி அமனிரெனாஸ் என்பது இன்றைய ஆய்வாளர்கள் வைக்கும் பெயர். ஒற்றைக் கண்ணி, ஆம்பளை மாதிரி என்று அந்தக் காலத்துக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். ரோம ஆளுநர் பெட்ரோனியஸ் படையெடுத்து நபத்தா நகரை நாசம் செய்தார். ஆனால் முடிவு என்ன? சாமோஸ் தீவில் தூதர்கள் அகஸ்டஸைப் போய்ப் பார்த்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது, போட்டிருந்த கப்பத்தையும் தள்ளுபடி செய்துவிட்டார். ரோமோடு மோதி இப்படித் திரும்பியவர்கள் எத்தனை பேர்?

1910-இல் மெரோவேயில் தோண்டியபோது ஒரு கோயில் படிக்கட்டுக்கு அடியில் அகஸ்டஸின் வெண்கலத் தலை கிடைத்தது. வேண்டுமென்றே புதைத்தது. உள்ளே போகிறவன் வருகிறவன் எல்லாம் ரோமப் பேரரசன் தலையை மிதித்துவிட்டுப் போவான். மண் காப்பாற்றியதால் கண்ணாடியும் கல்லும் பதித்த கண்கள் அப்படியே இருக்கின்றன. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் விழித்துப் பார்க்கிறார். அவமானப்படுத்தப் புதைத்ததால் பிழைத்த முகம் அது.

அடுத்து என் சொந்தப் பைத்தியம், அக்சும் நாணயம். இன்றைய எதியோப்பியா, எரித்திரியா. 3-ஆம் நூற்றாண்டில் எண்டுபிஸ் அரசரிலிருந்து சொந்தமாகப் பொன், வெள்ளி, செம்புக் காசு அடித்தார்கள். எழுத்து கிரேக்கம். ரோமோ கிரேக்கமோ அவர்களை ஆளவில்லை, செங்கடல் வியாபாரத்துக்கு அந்த எழுத்து வசதி, அவ்வளவுதான். பொற்காசில் அரசர் தலைக்கு இரண்டு பக்கமும் தானியக் கதிர் வளைந்து நிற்கும். மேலே பிறையும் வட்டமும். 4-ஆம் நூற்றாண்டில் எசானா அரசர் கிறிஸ்தவர் ஆனதும் பிறையை எடுத்துவிட்டுச் சிலுவை வந்துவிட்டது. ஒரே அரசர் காலத்தில் இரண்டு வகைக் காசையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மதமாற்றம் உள்ளங்கையில் தெரியும். அவர் கல்வெட்டு கீஸ் (பழைய எதியோப்பிய மொழி), தென்னரேபிய எழுத்து, கிரேக்கம் என மூன்றிலும் இருக்கிறது. மணியின் அளவுக்கல்லுக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

கேள்வி கந்தன் எழுதியது:

செங்கடல்னதும் ஒரு சந்தேகம். நம்ம சங்கப் பாட்டுல வர்ற யவனர் இந்தப் பக்கமிருந்துதான் வந்தாங்களா? நான் நேரா ரோம்ல இருந்து கப்பல்ல வந்தாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்.

---

செங்காந்தள் எழுதியது:

ரோமிலிருந்து நேராக வர சூயஸ் கால்வாய் அன்று ஏது தம்பி! "யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூறு 149 பாடும் கப்பல்கள் கிளம்பியது எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து. பெரெனிகே ஒன்று, மயோஸ் ஹோர்மோஸ் இன்னொன்று. அங்கே சரக்கு இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைலில் படகேறி அலெக்சாந்திரியா போகும். வியன்னாவில் இருக்கும் 2-ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒன்று முசிறியிலிருந்து வந்த 'ஹெர்மபொல்லோன்' கப்பலின் சரக்கைப் பற்றியது. அதிலும் போய்ச் சேரும் இடம் அலெக்சாந்திரியாதான்.

பெரெனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில் இந்தியப் பெரிய தாழி நிறைய மிளகு அப்படியே கிடைத்தது, ஏழரைக் கிலோ. கொற்றன் என்று தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடும் அங்கே கிடைத்திருக்கிறது. மயோஸ் ஹோர்மோஸில் கண்ணன், சாத்தன். யவனர் என்றதும் நாம் ஏதென்ஸ் பளிங்குத் தூணை நினைக்கிறோம். கொற்றன் இறங்கி நின்றது ஆப்பிரிக்க மண்ணில்.

---

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது. நேற்று இரவு ஒரு உறுப்பினர் போட்ட சாதி குறித்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தலைப்புக்குள் இருங்கள்.

---

லெப்டா மணி எழுதியது:

வரலாறு என்றால் கல்வெட்டு, காசு, புத்தகம். நான் ரோடு போடுகிறவன், எனக்குத் தெரிந்தது எண்ணெய்.

கி.மு. 46-இல் ஜூலியஸ் சீசர் தன் எதிரிகளுக்கு உதவியதற்காக லெப்சிஸுக்குப் போட்ட தண்டனை வருஷத்துக்கு முப்பது லட்சம் பவுண்டு ஒலிவ எண்ணெய். ரோமப் பவுண்டு சின்னது, அப்படியும் பத்து லட்சம் கிலோ தொடும். ஒரு ஊர் அதைக் கட்டியது என்றால் எவ்வளவு பிழிந்திருக்க வேண்டும்! தெற்கே தர்ஹூனா மேட்டில் லெவல் எடுக்கப் போகும்போது வயலுக்கு நடுவில் இரண்டு ஆள் உயரக் கல் தூண், மேலே ஒரு கல் விட்டம், வாசல் நிலை மாதிரி நிற்கும். பக்கத்தில் வீடும் இல்லை, சுவரும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வந்த ஐரோப்பியப் பயணி இவற்றை ஆதிகாலக் கோயில் என்று நம்பி எழுதிவிட்டார். கோயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. எண்ணெய் பிழியும் கல். நம்மூர் செக்கு மாதிரி சுற்றாது. நீள உத்தரத்தை அந்தத் தூண்களுக்கு நடுவில் மாட்டி, மறுமுனையில் கல் எடை கட்டி இறக்கிப் பிழிவது. எங்கள் டிரைவர் ஹாஜி பார்த்த உடனே சொல்லிவிட்டார், அவர் தாத்தா தோட்டத்திலும் உண்டாம்.

ரோமுக்கு எட்டு மாதச் சோறு ஆப்பிரிக்கா, நாலு மாதச் சோறு எகிப்து என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார். கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். தஞ்சாவூர்க்காரன் எனக்கு அது புரியும். சோறு போடுகிற ஊரை யாரும் காவியத்தில் வைப்பதில்லை.

இன்னொன்று. கார்த்தேஜைத் தரைமட்டம் ஆக்கியபோது அங்கிருந்த நூலகங்களை ரோம செனட் ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்டது. ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் லத்தீனில் பெயர்க்க உத்தரவு போட்டது. மாகோ என்பவர் பூனிக்கில் எழுதிய விவசாய நூல், 28 பகுதி. எதிரியின் கவிதை வேண்டாம், எதிரியின் உரக்குழி வேண்டும்! இன்று அந்தப் பூனிக் மூலமும் இல்லை, லத்தீனும் முழுசாக இல்லை. மற்ற ரோம எழுத்தாளர்கள் எடுத்தாண்ட துண்டுகள்தான் மிச்சம்.

---

கருப்பு நிலா எழுதியது:

இந்த மாகோ விஷயம் சூப்பர் சார். நான் சொல்ல வந்த "தூக்கிட்டுப் போனாங்க"ங்கிறதுக்கு இதுதான் ஒழுங்கான உதாரணம், ஆதாரத்தோட.

திரும்ப வந்த கதை ஒண்ணு என்கிட்ட இருக்கு. தென்னாப்பிரிக்காவோட ராபன் தீவுச் சிறையில கைதிங்க கிரேக்க நாடகம் 'ஆன்டிகனி' போட்டாங்க. அண்ணன் பிணத்தைப் புதைக்கக் கூடாதுன்னு அரசன் சட்டம் போடுறான், தங்கச்சி மீறிப் புதைக்கிறா. அதுல அந்த அரசன் கிரியோன் வேஷம் கட்டினது நெல்சன் மண்டேலா. தன் சுயசரிதையிலயே எழுதியிருக்கார். வெள்ளைக்கார அரசாங்கம் பூட்டி வெச்சிருக்கிற ஆளு, அடக்குமுறை அரசன் வேஷத்துல நிக்கிறாரு. காவலர்களுக்கு என்ன புரிஞ்சிருக்கும்னு யோசிச்சா சிரிப்பு வருது. கிரேக்கம் யார் சொத்துங்கிற சண்டையை நான் அந்த மேடையில விட்டுட்டேன்.

---

வடமராட்சி வாசு எழுதியது:

மணி அண்ணை, லெப்சிஸ் தூண்கள் கொஞ்சம் இங்கையும் இருக்கு, தெரியுமோ? 1816 அளவிலை பிரித்தானியக் கொன்சல் ஏத்தி அனுப்பினது. வின்ட்சருக்குப் பக்கத்திலை வெர்ஜினியா வோட்டர் ஏரிக்கரையிலை, அரசர் பொழுதுபோக்குக்குப் பாழடைஞ்ச கோயில் மாதிரி நட்டு வைச்சிருக்கினம். அதுக்கும் முந்தி 17-ஆம் நூற்றாண்டிலை பிரெஞ்சுக்காரர் நூற்றுக்கணக்கிலை அள்ளினவை. நான் அங்கை ஒருக்கா பிக்னிக் போய், அதிலை சாய்ஞ்சிருந்து புட்டு சாப்பிட்டனான், என்னெண்டு தெரியாமலே.

உங்கடை அளவுக்கல் தப்பிச்சிட்டுதோ? படம் இருந்தால் போடுங்கோ.

---

கேள்வி கந்தன் எழுதியது:

ஆமாண்ணே, படம் போடுங்க. அந்த மூணு அளவும் எவ்வளவு நீளம்னும் சொல்லுங்க.

---

லெப்டா மணி எழுதியது:

படம் இல்லை. 2011 பிப்ரவரியில் சண்டை ஆரம்பித்ததும் கம்பெனி வண்டியில் திரிப்போலி வரை கொண்டுவிட்டார்கள். ஏர் இந்தியா விமானத்தில் கையில் ஒரு பையோடு வந்தேன். லேப்டாப், கேமரா, டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவி எல்லாம் கேம்பில். நாலு மாதச் சம்பள பாக்கியும் அங்கேயே. அது போகட்டும். 2016-இல் யுனெஸ்கோ லெப்சிஸை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. உள்ளூர்க்காரர்கள் துப்பாக்கியோடு முறை வைத்துக் காவல் காத்தார்கள் என்று செய்தியில் படித்தேன். ஹாஜி போயிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன்.

அளவு ஞாபகம் இருக்கிறது. ரோம அடி இருபத்தொன்பதரை சென்டிமீட்டர் போல. பூனிக் முழம் 51.5. எகிப்து முழம் 52.5. முதல் நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து முழங்கையை ஊன்றிக் கையை நீட்டி வைத்துப் பார்த்தேன். என் முழம் பூனிக் முழத்துக்கு மூன்று விரல்கடை குறைந்தது. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பூ அளக்கும் அம்மா முழங்கையைக் கொஞ்சம் மடக்கி இன்னும் குறைப்பார், அது வேறு கணக்கு.

பூனிக் முழத்துக்கும் எகிப்து முழத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சென்டிமீட்டர். நூறு முழத் துணிக்கு ஒரு மீட்டர் வரும். அந்த ஒரு மீட்டருக்காக எத்தனை சண்டை நடந்திருந்தால், கல்லிலேயே வெட்டி வைத்திருப்பார்கள்!